ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று சாட்சிகள்

சான்று மேடம் கரும்பலகையில் ‘ஒரு நாள்’ என்று எழுதிவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸ் தூளை ஊதினார். அடுத்த வரி வரும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பே அவ்வளவுதான் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எங்கள் வகுப்பு முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறை. இன்னும் மழைக்காலத்தில் பழைய பந்துகளின் ரப்பர் வாசம் சுவரிலிருந்து கிளம்பும். பெஞ்சுகள் அதிகம், ஆட்கள் குறைவு. கல்லூரியே சின்னது, அதில் வரலாறு படிக்கிறவர்கள் ஒரு ஆட்டோவில் அடங்கிவிடுவோம். விரும்பி வந்து சேர்ந்தவர்கள் யாரும் இல்லை. கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் பையன் ராணுவத்துக்குப் போய், உயரம் போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டு, போர்களைப் பற்றியாவது படிக்கலாம் என்று வந்தவன். தூக்கம் என்று பட்டப்பெயர் வாங்கியவளுக்கு இந்தத் துறையில் முதல் வகுப்பு கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வணிகவியல் கிடைக்கவில்லை. முதல் பருவம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். “ஹிஸ்டரியா? படிச்சு என்ன பண்ணப் போற?” என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. எனக்கும் பதில் தெரியாது. ஆனால் என்றைக்கோ செத்துப்போன ஒரு வரி வசூலிப்பவன் அன்றைக்கு நடந்து போனானா, மாட்டு வண்டியில் போனானா என்று மேடமும் நாங்களும் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டோம். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது, இல்லாத ஒரு மனுஷனுக்காக இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்று இருந்தது. அதிலிருந்து வகுப்பைத் தவறவிட்டதில்லை.

மேடத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தாமதமாக வந்து பஸ் வரவில்லை என்றால்கூட “சான்று?” என்பார். அன்றைக்கு விதிகளைச் சொன்னார்.

“உங்க வீட்டுல, உங்க தெருவுல நடந்த ஒரு நாள். ராஜா வேண்டாம், மந்திரி வேண்டாம். மூணு சாட்சி. ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வச்சுப் பேசணும். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா ரெண்டு சாட்சியும் ஒரே சாட்சியாயிடும். அப்புறம் முக்கியமா, ‘ஏன்’னு யாரும் கேக்கக் கூடாது.”

“ஏன் மேடம்?” என்றாள் தூக்கம். வகுப்பே சிரித்தது.

“ஏன்னு கேட்டா எல்லாரும் வக்கீலாயிடுவாங்க. ‘அப்புறம் என்ன ஆச்சு’ன்னு மட்டும் கேளுங்க. வண்டி வண்டியா வரும்.”

கேப்டன் அவர்கள் வீடு மாறிய நாளை எடுத்துக்கொண்டான். தூக்கம் தான் பிறந்த நாளை எடுத்தாள். அன்றைக்குத் தனக்கு எந்த வேலையும் இல்லை என்பது அவள் வாதம். நான், எங்கள் வீட்டை விட்டு அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

அன்றைக்கு நான் சின்னப் பிள்ளை. பக்கத்துத் தெருத் தோழி வீட்டில் விளையாடிவிட்டு வந்தபோது வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அழவில்லை. அண்ணன் எங்கே என்று கேட்டதற்கு அம்மா “வேலைக்குப் போயிருக்கான்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று கேட்கத் தோன்றாத வயது. அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. எங்கோ பெரிய ஊரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான் என்று யார் யாரோ சொல்லிக் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு எடுக்கப்படுவதில்லை. தடை ஒன்றும் இல்லை. எடுக்கத் தொடங்கினால் யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அவன் வேண்டும். தோளில் உட்கார வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடுவானே, அந்த அண்ணன் வேண்டும். கல்லூரி வாசலில் மற்றப் பெண்களை அண்ணன்மார் வண்டியில் கொண்டுவந்து இறக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

அப்பாவிடம்தான் முதலில் போனேன். அப்பா பஸ் டிரைவர். காலை முறை முடித்துவிட்டு வந்து, சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டிருந்த நேரம். கல்லூரியில் இரவல் வாங்கிய குட்டி ரெக்கார்டரை அவருக்கு முன்னால் ஸ்டூலில் வைத்து, மார்க் விஷயம் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் மார்க் என்றால் எந்தக் கதவும் திறக்கும். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு டிப்போவில் விபத்துக்கு வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“ஞாயித்துக்கிழமை. காலை நேரம். நான் இதே நாற்காலியில. அவன் எதிர்த்தாப்புல வந்தான். டிப்போ ஆபீஸ் வேலைய விட்டுட்டேன்னான். நாலு பேர் கால்ல விழுந்து வாங்கிக் குடுத்த வேலை. ரெண்டு பேருமே வேகமாத்தான் வந்தோம். மோதிக்கிச்சு.”

“அப்புறம் என்ன ஆச்சு?”

“என் மூஞ்சிலயே முழிக்காதேன்னேன்.”

“அப்புறம்?”

“பேப்பர் படிச்சேன்.” கொஞ்ச நேரம் மேலே சுற்றும் காத்தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நிமிந்து பாத்தா ஆள் இல்ல. என் பேச்சுதான் அவனை அனுப்பிச்சு. வேற யாரும் இல்ல. உங்கம்மா ஒரு வார்த்தை பேசல, பாவம்.”

 நிசப்தத்தை நிரப்பாதே என்பதும் மேடத்தின் விதிதான். அப்பாவே தொடர்ந்தார்.

“அவன் அந்தப் பெரிய ஊர்லதான் இருக்கான்னு கேள்விப்பட்டப்புறம் நானா எழுதிக் குடுத்து அங்க போற வெளியூர் வண்டிக்கு மாறினேன். உங்கம்மா அத தண்டனை மாத்தல்னு நினைச்சிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும். அங்க வண்டி நிக்கிற நேரத்துல ஸ்டாண்டைச் சுத்தி நடப்பேன். பின்னாலேருந்து பாத்தா எல்லாப் பசங்களும் ஒரே மாதிரிதான் இருக்கானுங்க. ஒருநாள் ஒருத்தன் தோளைத் தொட்டுட்டேன். மன்னிச்சுக்கப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் முதுகு வலி வந்துடுச்சு, இந்த ரூட்டுக்கே திரும்பிட்டேன்.” ரெக்கார்டரைக் கையால் சுட்டினார். “இதெல்லாம் எழுதணுமா?”

“வேண்டாம்னா எழுதல.”

“எழுது. ஆனா அம்மாகிட்ட சொல்லாதே.”

எனக்கு விதி கை கொடுத்தது. சொல்லக் கூடாது என்பது அவருக்கு முன்பே மேடம் சொன்னதுதான்.

அம்மா மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மடிப்பு வேலை பார்க்கிறாள். வெந்நீர் மெஷினிலிருந்து வரும் விரிப்புகளை மடித்துக் கட்டுக் கட்டாக வார்டுகளுக்கு அனுப்ப வேண்டும். ஒரு படுக்கைக்கு ஒரு கட்டு. விரிப்பு, தலையணை உறை, நோயாளிக்கு உடுப்பு, துண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் கம்பளிப் போர்வை. அக்னி வெயிலாக இருந்தாலும் கட்டுக்குள் போர்வை இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தால் முழுக் கட்டும் திரும்பி வரும், கூடவே மேற்பார்வையாளரின் திட்டும் வரும். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. நாங்கள் குளித்துவிட்டுக் கழற்றிப் போட்ட துண்டைக்கூட மூலைக்கு மூலை சரி பார்த்துத்தான் கொடியில் போடுவாள். அவளைப் பேச வைக்க வேண்டுமானால் கையில் மடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். மாடியிலிருந்து காய்ந்த துணியையெல்லாம் அள்ளிவந்து கட்டிலில் கொட்டிவிட்டு ரெக்கார்டரை நடுவில் வைத்தேன்.

“உங்கப்பா கத்தினாரு. அது புதுசா என்ன? கத்தலன்னாதான் டாக்டர்கிட்ட போகணும்” என்று தொடங்கினாள். சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. “நான் அவன் ரூமுக்குப் போனேன். கொஞ்ச நாள் எங்கயாவது தள்ளி இருடா, அவர் கோவம் ஆறட்டும்னேன். அவன் போறேன்னு சொல்லல தெரியுமா? நான்தான் போன்னேன். பையை எடுத்து நானே மடிச்சு வச்சு, ஜிப்பையும் இழுத்து மூடிக் கையில குடுத்தேன். எந்தத் தாயாவது செய்வாளா?”

“அப்புறம் என்ன ஆச்சு?”

“அப்புறம் ஒண்ணும் ஆவல. அதான் ஆச்சு. நாலு நாள்ல வருவான்னு இருந்தேன். வாரம் ஆச்சு. மாசம் ஆச்சு. உங்கப்பாகிட்ட இதைச் சொல்லல. தன்னாலதான் போனான்னு அவருக்குத் தோணவே தோணாது. புள்ளை திமிர்ல போனான்னு நினைச்சுட்டிருக்காரு. நினைக்கட்டும்.” என் சுரிதார் மேல்சட்டையை நீவி நீவி மடித்தாள். பிறகு அதைப் பிரித்து மறுபடி மடித்தாள். “நீயும் அப்பாகிட்ட சொல்லாதே.”

அந்த வாரம் முழுக்க எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. ஒரே கூடத்தில் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். பழி முழுதும் தன்னுடையது என்று இவர். இல்லை, தன்னுடையது என்று அவள். ஒரே பழியை ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் தூக்கிச் சுமக்கிறார்கள். நடுவில் நான் கையைக் கட்டிக்கொண்டு, சாட்சிகளைப் பிரித்து வைத்துக் காவல் காத்தேன். இரண்டு நிமிஷம் வாயைத் திறந்தால் போதும். ஆனால் கொடுத்த வாக்கு இரண்டு, விதி ஒன்று. ஏதோ பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். உண்மையில் பயம். பேசிவிட்டால் அப்புறம் இருவரும் சேர்ந்து அழுவார்கள், அழுது முடித்தும் அவன் வந்திருக்க மாட்டான்.

மேடத்திடம் இரண்டு வாக்குமூலத்தையும் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சேலை நுனியால் நெடுநேரம் துடைத்தார்.

“மூணாவது சாட்சி?”

“மாடி வீட்டு அக்கா, மேடம். அன்னிக்குப் படியில நின்னிருக்காங்க.”

“அவங்க என்ன பார்த்தாங்க?”

“அண்ணன் பையோட போனதை.”

“பையைத் தூக்கிட்டுப் போனவர் உயிரோடதானே இருக்கார்?”

“ஆமா, மேடம்.”

“அப்போ மாடி வீடு எதுக்கு?” என்றார். தாள்களை என் கையில் கொடுத்துவிட்டு வருகைப் பதிவை எடுக்கத் தொடங்கினார்.

அண்ணனின் எண்ணுக்கு நான் எங்கும் அலையவில்லை. அம்மாவின் போனில் ‘தண்ணி கேன்’ என்று இருந்தது. உண்மையாகவே தண்ணீர் கேன் போடுகிறவர் ‘தண்ணி கேன் 2’. அண்ணனின் பழைய கூட்டாளி ஒருவன் எப்போதோ கொடுத்த எண். அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள், கூப்பிட்டதில்லை. எடுக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது அவள் கணக்கு. கூப்பிடாத வரைக்கும் அவன் எடுப்பான் என்று நம்பிக்கொண்டிருக்கலாம் இல்லையா. நான் கூப்பிடப் போகிறேன், மார்க்குக்காக, என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

“நான் பேச மாட்டேன்டி. சும்மா ஓரமா உக்காந்துக்கிறேன். குரலை மட்டும் கேட்டுக்கிறேன்.”

சாட்சி இருக்கும் அறையில் இன்னொரு சாட்சி இருக்கக் கூடாது. மேடம் அறிந்தால் ஆய்வையே தூக்கிப் போட்டுவிடுவார். “மூச்சு விடக் கூடாது” என்று சொல்லி உட்கார வைத்தேன். அப்பா வண்டிக்குப் போயிருந்தார். மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் போட்டிருந்தது. என் போனைக் கட்டிலில் வைத்து ஸ்பீக்கரை ஏற்றி, பக்கத்தில் ரெக்கார்டரை ஓடவிட்டேன்.

“ஹலோ, சர்வீஸா? எந்த ஏரியா?” என்றது குரல். பின்னால் எங்கோ டிரில்லிங் சத்தம்.

“அண்ணா, நான் எலி.”

அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். டிரில்லிங் சத்தம் மெல்ல மெல்லத் தூரமாகப் போயிற்று. நடந்து வெளியே வருகிறான் போல. ஒரு கதவு சாத்தப்பட்டது.

“குரல் மாறிடுச்சே” என்றான்.

மார்க், ஆய்வு, சாட்சி என்று படபடவென்று ஒப்பித்தேன். நடுவில் நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

“என்ன மேஜர்?”

“வரலாறு.”

“நீயா? ராஜாவுக்கு மகனை அப்பாவாக்கி எழுதுவியே!” சிரித்தான். அதே சிரிப்பு, கடைசியில் மூக்கால் ஒரு இழுப்பு. ஓரக்கண்ணால் பார்த்தேன், அம்மா வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். “சரி, மார்க்குன்னா கேளு. அரை மணி நேரம் லஞ்ச் டைம்தான்.”

“அந்த ஞாயித்துக்கிழமை, என்ன ஆச்சு?”

“அப்பா கத்தினாரு. அது ஒண்ணும் இல்ல. நான் வேலையை விட்டது தப்புதான், அதுவும் சொல்லாம விட்டது. திட்டு வாங்கணும்னுதான் போய் நின்னேன்.”

அப்பா இந்த வரியைக் கேட்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. “அப்புறம் என்ன ஆச்சு?” என்றேன்.

“அம்மா வந்தாங்க. கொஞ்ச நாள் தள்ளி இருடான்னாங்க. எனக்கும் சரின்னு பட்டுச்சு. நாலு நாள் ஃப்ரெண்டு ரூம்ல தங்கிட்டு வந்துரலாம்னு கிளம்பினேன்.”

“அப்புறம்?”

“பஸ் ஸ்டாண்டு போனேன். மூஞ்சி கழுவலாம்னு துண்டுக்காகப் பையைத் திறந்தேன்.” நிறுத்தினான். “எலி, இதெல்லாம் மார்க்குக்கு வேணுமா?”

“வேணும்.”

“எல்லாச் சட்டையும் இருந்துச்சு. பேண்ட் எல்லாம் இருந்துச்சு. போர்வை. அலமாரியில ஒண்ணு விடல. அடியில ஸ்வெட்டர். நல்ல வெயில் எலி அன்னிக்கு. ரோட்டுத் தார் செருப்புல ஒட்டுது. அதுல ஸ்வெட்டர். பெஞ்சுல உக்காந்து அதையே பாத்துட்டிருந்தேன். நாலு நாளைக்கு அனுப்பறவங்க ஸ்வெட்டர் வைப்பாங்களா? குளிர் வந்தாலும் வராதேன்னுதானே அர்த்தம்? வாயால சொல்ல முடியாம பையால சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். அப்பா கத்துனதுக்கெல்லாம் அழல நான். அந்தப் பெஞ்சுலதான்…”

அப்புறம் என்ன ஆச்சு என்று நான் கேட்க வேண்டும். வாயெடுப்பதற்குள் அம்மா எழுந்தாள், அவ்வளவுதான் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை. போனைக் கையில் எடுத்தாள்.

“டேய்.” குரல் உடைந்து மேலே ஏறியது. “எனக்கு அரைகுறையாக் கட்டத் தெரியாதுடா. கட்டுன்னா முழுசாத்தான்டா கட்டுவேன். வெயிலா குளிரான்னு என்னிக்குடா நான் பாத்திருக்கேன்? கை அதுவா எடுத்து வச்சிருக்கும்டா. வராதேன்னு சொல்லல. ஒண்ணு விட்டுப்போச்சுன்னா உனக்கு அங்க யாரு குடுப்பான்னு… ஐயோ, இத்தனை வருஷம் ஒரு ஸ்வெட்டருக்காடா?”

 துண்டித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். திரையைப் பார்த்தேன், இணைப்பு இருந்தது. அவன் மூச்சு ஒழுங்கில்லாமல் வந்துபோனது. பிறகு கதவு திறக்கும் சத்தம், சின்னச் செருப்புகள் தரையில் தேய்த்து ஓடிவரும் சத்தம். டிரில்லிங் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும்; அவன் வேலையிடத்தில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறான், சாப்பிட வந்திருக்கிறான். எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு சின்னப் பெண் குரல் கேட்டது.

“அப்பா, ஏன் அழற? போன்ல யாரு?”

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மடித்து வைத்திருந்த துணிகள் அவள் மேலேயே சரிந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

“பாட்டி” என்றான் அண்ணன்.

“எந்தப் பாட்டி?” என்றது குழந்தை.

அம்மா இரண்டு கைகளாலும் போனைப் பிடித்து, நெஞ்சுக்கு நேராக ஏந்திக்கொண்டு, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.